யப்பானுக்குப் போன என் உள்ளங்கை

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். சின்னவன் பள்ளிக்கூடத்தில், "எங்கடை அப்பாதான் அந்த மதாமுக்கு மங்கா கீறப் பழக்கினவர்" என்று சொல்லியிருக்கிறான். மங்கா என்றால் யப்பான்காரரின் படக்கதை. அவனுடைய ஆசிரியை என்னைக் கண்டதும் கை தந்து, "நீங்கள் ஓவியரா?" என்று கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூத்தவளே, நீ சொல்வது அதற்கு நேர்மாறு. "அப்பா சும்மா நிண்டவர், அவ கீறினவ, அவ்வளவுதான்" என்கிறாய். இரண்டும் சரியில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால், நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது நீங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

இது 2013, 14 அளவில் நடந்தது. நாங்கள் பரிஸுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலுக்கு வீடு மாறியிருந்தோம். நான் காலமை ரயிலில் பரிஸின் கார் து நோர் ஸ்டேசனுக்கு வந்து, அங்கிருந்து தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலுக்கு நடந்து வேலைக்குப் போவேன். மூத்தவளுக்குப் பத்து வயது. சின்னவன் தள்ளுவண்டிலில் இருந்து சப்பாத்தைக் கழற்றி எறிகிற பருவம்.

வேலை ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில். அங்கே கோப்பை கழுவின அண்ணை ஒருவர் இருந்தார், உங்களுக்கு அவரைத் தெரியும், மொட்டைத் தலை, வாய் ஓயாது. அவர் கடையைப் பற்றிச் சொல்வார்: "போர்ட்டு யப்பான், முதலாளி சீனா, குசினி யாழ்ப்பாணம், தின்னுறது பிரெஞ்சுக்காரன். இதிலை ஆர் ஆரை ஏமாத்துறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

முதலாளிதான் எனக்கு எல்லாம் காட்டித் தந்தார். சோற்றுக்கு வினாகிரி விட்டுக் கிளறுவது, கடற்பாசித் தாளில் பரப்பிச் சுருட்டி மக்கி வெட்டுவது, மிசோ சூப் வைப்பது. மிசோ என்றால் சோயா அவரையைப் புளிக்கவைத்து அரைத்த விழுது, அதைக் கரைத்துத்தான் அந்தச் சூப். இரண்டு மாதத்தில் எல்லாம் கை பழகிவிட்டது. எங்கள் கடையில் மிகக் கூடுதலாக ஓடியது சமன் மீனும் சீஸும் வைத்த மக்கி. யப்பானில் அப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காதாம். பரிஸ்காரர் அதற்காகத்தான் மழைக்குள்ளும் வந்து நிற்பார்கள்.

ஒரு பழக்கம் மட்டும் நான் ஒருவரிடமும் படிக்காதது. சூப் கொதித்ததும் அகப்பையால் கொஞ்சம் எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, நக்கிப் பார்ப்பேன். அகப்பை வாயில் படாது, கரண்டி தேடவும் தேவையில்லை. அம்மாவும் வீட்டில் குழம்புக்கு இதைத்தான் செய்கிறா. நாங்கள் எல்லாரும் செய்வதுதான். அதற்குப் பிறகு கையைக் கழுவிவிடுவேன். அதை ஒரு பழக்கம் என்று கூட நான் அதுவரைக்கும் நினைத்ததில்லை.

அந்தப் பிரெஞ்சு மதாம் முதல் முதல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நாற்பது வயது இருக்கும், கட்டையாக வெட்டின தலைமயிர், விரல்களில் கறுப்பு மை. குசினி யன்னலுக்கு நேரே உள்ள மேசையில் இருந்து ஒரு மிசோ சூப்புக்குச் சொன்னார். பிறகு ஒரு கொப்பியை எடுத்து, என்னைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

அண்ணைக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "உவ சுகாதாரப் பகுதியிலை இருந்து வந்திருக்கிறா. உன்ரை நிகத்தைப் பாத்து எழுதுறா, கண்டியே?"

முதலாளிக்கு வியர்த்து விட்டது. அந்தக் கிழமை முழுக்க நாங்கள் குசினியை மினுக்கின மினுக்கு! குளிரூட்டிக்குப் பின்னால், வருடக்கணக்காக ஒருவரும் பார்க்காத இடத்தில் எல்லாம் அண்ணை படுத்திருந்து துடைத்தார். மதாமின் சூப்புக்கு இரண்டு மடங்கு தோபுக் கட்டி போட்டோம். வெள்ளிக்கிழமை அண்ணை தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிற சாட்டில் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"டேய், உவ எழுதேல்லை. கீறுறா! பக்கம் முழுக்க உன்ரை கை!"

"என்ரை கையோ?"

"ஓம். கை மட்டுந்தான். உன்ரை முகத்தை ஆர் கீறுவான்?"

மதாமே எழும்பி யன்னலுக்குக் கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டார். தான் படக்கதை கீறுகிறவர் என்றும், சமையல்காரர் ஒருவரைப் பற்றிக் கதை கீற வேண்டியிருக்கிறது என்றும், கேட்காமல் கீறியது பிழை என்றும் சொன்னார். (அவர் பிரெஞ்சில் கதைத்ததை நான் என் தமிழில் எழுதுகிறேன்.) "உங்கள் கைகளைக் கொஞ்ச நாளுக்குத் தருவீர்களா, மிசியே?" என்று கேட்டார். கையை எப்படித் தருவது? நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அன்று வீட்டில் வந்து சொன்னபோது, மூத்தவளே, நீ கரண்டியைக் கீழே போட்டாய். "உண்மையான மங்காவா கீறுறா?" என்று பிரெஞ்சில் கத்தினாய். அடுத்த புதன்கிழமை உனக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லை, எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் பின்னேரச் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் ஓய்வு. இரண்டு பேரும் மதாமின் வேலை அறைக்குப் போனோம். ஒரு சீலைக்கடைக்கு மேலே நாலாம் மாடி, லிப்ட் இல்லை. ஏறி முடிய உனக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்கியது.

சுவர் முழுக்கப் படங்கள். ஒரு பக்கத்து அலுமாரியில் பிரெஞ்சுப் படக்கதைப் புத்தகங்கள், பெரிசு, தடிப்பு மட்டை, நாற்பத்தெட்டுப் பக்கம், முழுக்கக் கலர். மற்றப் பக்கத்தில் சின்னச் சின்ன யப்பான் புத்தகங்கள், கறுப்பு வெள்ளை, செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. அவர் முதலில் பிரெஞ்சு முறையில்தான் படித்துப் புத்தகங்கள் செய்திருக்கிறார். கடலோர ஊர் ஒன்றில் தபால் கொடுக்கிற பெண்ணின் கதை, மூன்று புத்தகம். பிறகு யப்பானுக்குப் போய் ஒன்றரை வருடம் ஒரு மங்கா ஓவியரின் அறையில் வேலை செய்தாராம். வீடுகள், மின்கம்பங்கள், மழை, இவைதான் அவர் கீறினது. ஆட்களைப் பெரியவர் கீறுவார்.

அவர் உனக்கு விளங்கப்படுத்தியது எனக்கும் விளங்கியது. "பிரான்சில் ஒரு பக்கத்துக்குள் பத்துக் கட்டம். சமையல்காரர் சூப்பை ருசி பார்க்கிறார் என்றால் ஒரு கட்டம், முடிந்தது. யப்பானில் அதற்கு மூன்று பக்கம் தருவார்கள். சொட்டு விழும். பிறகும் விழும். வாசிக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்." அவருக்கு இரண்டும் வேண்டும். வீட்டையும் தெருவையும் பிரெஞ்சுக்காரர் போலக் கோடு கோடாகக் கீற வேண்டும், நேரத்தை யப்பான்காரர் போல இழுக்க வேண்டும். அதில்தான் பிரச்சினை. இங்கே பதிப்பகத்தார், "இது அதிகம் யப்பான்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே, "இது அதிகம் பிரெஞ்சு" என்று திருப்பி அனுப்பினார்கள்.

யப்பானில் ஒரு சஞ்சிகை ஆசிரியர் மட்டும் இன்னும் பதில் போட்டுக்கொண்டிருந்தார். சின்னச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் ஒருவரின் கதையை நாற்பது பக்கத்தில் கேட்டிருந்தார். இதற்கு முன் அனுப்பிய இரண்டு கதையும் திரும்பி வந்தவை. இது மூன்றாவது. "இதுவும் திரும்பி வந்தால் நான் நிறுத்திவிடுவேன்" என்றார் மதாம். தெற்கே ஒரு ஊரில் பாடப்புத்தகங்களுக்குப் படம் கீறுகிற நிரந்தர வேலை ஒன்று கேட்டிருந்தார்கள், கோடை லீவுக்கு முன்னர் பதில் சொல்ல வேண்டும். "நல்ல வேலைதான். இதயம், நுரையீரல், தவளை எல்லாம் கீறலாம்" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. என் சேட்டைப் பிடித்து இழுத்து, "அப்பா, வடிவா நில்லுங்கோ" என்று தமிழில் சொன்னாய். நீ தமிழில் சொன்னால் விஷயம் பெரியது என்று எனக்குத் தெரியும்.

நான், "மதாம், எங்கள் கடையில் கூட ஓடுவது சமன்-சீஸ் மக்கி. அது யப்பானும் இல்லை, பிரான்சும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முடிந்து போகிறது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, அதை ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இப்போதும் இருக்கிறது.

அப்படி ஐந்தாறு புதன்கிழமை போனோம். நான் அவருடைய சின்ன அடுப்பில் சூப் வைப்பேன், வெண்டிக்காய் வெட்டுவேன், சோறு கிளறுவேன். அவர் கீறுவார். கீறின படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார், மறுபக்கமாகப் பார்த்தால் பிழை தெரியுமாம். யப்பான் கதை வலப்பக்கத்தில் இருந்து தொடங்குகிறபடியால் என் கையும் வலப்பக்கத்தில் இருந்து வர வேண்டும். நீ புள்ளிப் புள்ளியாக அச்சடித்த ஒட்டுத்தாளை வெட்டி நிழல் உள்ள இடங்களில் ஒட்ட உதவினாய்.

ஒரு நாள் நான் வழக்கம்போல உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கினேன்.

"நில்லுங்கள்!" என்றார் மதாம். "இப்போது செய்தது என்ன? திரும்பச் செய்யுங்கள்."

செய்தேன். திரும்ப. அகப்பையை இன்னும் மேலே பிடித்து, திரும்ப. சொட்டு விழுகிறபோது விரல்கள் எப்படி வளைகின்றன என்று பார்க்க, திரும்ப. என் உள்ளங்கை சிவந்து போயிற்று. நீ எண்ணிக்கொண்டிருந்தாய், பதினெட்டோ என்னவோ. கடைசியில் அதை அவர் மூன்று பக்கத்தில் கீறினார். முதல் பக்கத்தில் அகப்பையின் நுனியில் சொட்டு தொங்குகிறது. இரண்டாவதில் வெறும் உள்ளங்கை மட்டும், ரேகை எல்லாம் தெரிய, ஒரு வயல்வெளி மாதிரி. மூன்றாவதில் சமையல்காரரின் மூடின கண். அந்தச் சமையல்காரருக்கு யப்பான் முகம், யப்பான் தலைப்பாகை. கை மட்டும் என்னுடையது. கதையில் அதுதான் முக்கியமான இடம் என்றார். நாற்பது பக்கமும் யப்பானுக்குப் போயிற்று.

பத்து நாளில் பதில் வந்தது. மதாம் மத்தியானம் கடைக்கு வந்து, சூப்புக்குச் சொல்லாமல் இருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஆசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். படம் நல்லது, தெரு நல்லது. ஆனால் யப்பான் சமையல்காரர் ஒருவரும் இப்படி ருசி பார்ப்பதில்லை. சின்னத் தட்டம் ஒன்றில் ஊற்றித்தான் குடித்துப் பார்ப்பார்கள். இதை எங்கே கண்டீர்கள்? இந்த மூன்று பக்கத்தோடு முழுக் கதையும் பொய்யாகிவிட்டது. இப்படி முடிந்திருந்தது கடிதம்.

"மதாம், எனக்குத் தெரியாது. நான் யப்பானைக் கண்ணாலும் கண்டதில்லை."

"நான் கண்டேனே" என்றார் அவர். "ஒன்றரை வருடம் அங்கே சாப்பிட்டேன். ஆனால் ஒரு குசினிக்குள்ளும் போகவில்லை. உங்கள் கையைப் பார்த்ததும் நம்பிவிட்டேன்."

அண்ணை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் யப்பான் சூப்பை யாழ்ப்பாணத்து மாதிரித்தான் பாத்தனாங்களோ? முதலாளி, போர்ட்டை மாத்துங்கோ!" முதலாளிக்குத் தமிழ் விளங்காது, தலையை ஆட்டினார். வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். அன்று வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்னபோது நீ என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, மூத்தவளே. நான் குசினியில் தேக்கரண்டியால் ருசி பார்க்கத் தொடங்கினேன். கரண்டியில் எனக்கு உப்புப் பிடிபடவில்லை. ஒரு நாள் சூப் பச்சைத்தண்ணி, ஒரு நாள் கடல்.

அந்தப் புதன்கிழமை நானாகத்தான் நாலாம் மாடி ஏறினேன். போகிற வழியில் சின்னத் தட்டம் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "மதாம், பிழை என்னுடையது. தட்டத்தால் செய்கிறேன், அந்த மூன்று பக்கத்தையும் திரும்பக் கீறுங்கள்" என்றேன். அவர் மேசையில் இருந்தார். நான் சூப்பைத் தட்டத்தில் ஊற்றிக் குடித்தேன். அவர் கீறினார், கண்ணாடியில் பார்த்தார், அழித்தார். திரும்பக் கீறினார்.

"உங்கள் கை நடிக்கிறது" என்றார் கடைசியில்.

"ஓம் மதாம். இது இரவல் கை."

அவர் பென்சிலை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த சமன்-சீஸ் துண்டைப் பார்த்தார். பிறகு யப்பான் ஆசிரியருக்கு உண்மையை எழுதுவோம் என்றார். அண்ணையின் வசனத்தை அப்படியே எழுதினார், போர்ட்டு யப்பான், முதலாளி சீனா, எல்லாம். நான் பிரெஞ்சுக்காரி, யப்பான்காரர் மாதிரிக் கீறுகிறேன், இவர் யாழ்ப்பாணத்தார், யப்பான்காரர் மாதிரிச் சமைக்கிறார், பிழை விட்டது இரண்டு பேரும்தான் என்று எழுதி, எங்கள் குசினியை ஒரு பக்கத்தில் கீறி அதோடு அனுப்பினார்.

மூன்று கிழமை சத்தமில்லை. தெற்கு ஊர்க்காரர் பதில் கேட்டு இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடை நிறைந்து ஆட்கள் வாசலிலும் நிற்கிற நேரம், பின்கதவு படாரென்று திறந்தது. மதாம், கையில் போன், நாலு மாடி இறங்கி ஓடி வந்த மூச்சு. முதலாளி, "மதாம், இங்கே வரக்கூடாது, இங்கே வரக்கூடாது!" என்று கத்தினார். அவர் காதில் விழவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்:

"யப்பான் சமையல்காரரைக் கீற இங்கே எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மனிதரைக் கீற ஒருவரும் இல்லை. அவருக்கு ஏன் யப்பான் முகத்தை வைத்தீர்கள்? அவருடைய முகத்தை வையுங்கள். கடையைப் பரிஸ் நகரத்தில் வையுங்கள். அந்த மூன்று பக்கத்திலும் ஒரு கோட்டையும் மாற்ற வேண்டாம். தொடர்ந்து கீறுங்கள், போடுகிறோம்."

மதாம் என்னைக் கட்டிப்பிடித்தார். என் கையில் மீன் வெட்டுகிற கத்தி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே இருந்தவர்கள் யன்னலால் பார்த்துக் கை தட்டினார்கள், என்னத்துக்கு என்று தெரியாமலே. முதலாளியும் தட்டினார்.

அண்ணை ஈரக் கையோடு முன்னுக்கு வந்தார். "மதாமிட்டைக் கேள், என்ரை வசனமெல்லோ போனது. நானும் கதையிலை வருவனோ?"

கேட்டேன். வருவார் என்றார் மதாம்.

"அப்ப தலைமயிர் வேணும் எண்டு சொல்லு."

வைத்தார். நீங்கள் புத்தகத்தில் பாருங்கள், கோப்பை கழுவுகிறவருக்குச் சுருட்டை முடி, நெற்றியில் விழும். அண்ணையின் மனிசி பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டாவாம். நான் என் பெயர் வேண்டாம் என்றேன். மீசையை மட்டும் மாற்றச் சொன்னேன். பெயர் இல்லாமலே, மீசை இல்லாமலே வந்தேன்.

யப்பான் சஞ்சிகையில் மாதாமாதம் வந்து, பிறகு புத்தகமாக வந்தது. தபாலில் வந்த முதல் பிரதியை மதாம் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா எங்கள் புத்தகம் மாதிரி இந்தப் பக்கத்தால் திறந்து, "இதென்ன, கதை முடிஞ்சு போச்சே!" என்றா. நீ புத்தகத்தைப் பறித்துத் திருப்பிக் கொடுத்தாய். ஒரு எழுத்தும் தெரியாமல் நாங்கள் நாலு பேரும் நிலத்தில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்தோம். லாச்சப்பல் தெரு, ரயில் பாலம், மரக்கறிக் கடைப் பெட்டிகள், எல்லாம் கோடு கோடாக இருந்தது. அந்தச் சொட்டு மட்டும் மெல்ல, மெல்ல விழுந்தது.

அதற்குப் பிறகு அது பிரெஞ்சிலும் வந்தது, வலப்பக்கத்தில் இருந்து திறக்கிற மாதிரியே. "அதிகம் யப்பான்" என்று முன்னர் திருப்பிக் கொடுத்த அதே பதிப்பகம்தான் போட்டது. கையெழுத்துப் போடுகிற நாளில் புத்தகக் கடைக்கு முன்னால் வரிசை தெருமுனையும் தாண்டி நின்றது. மதாம் ஒவ்வொருவருக்கும் ஒரு உள்ளங்கை கீறிக் கொடுத்தார். மூத்தவளே, நீ பக்கத்தில் நின்று பேனாக்களை எடுத்துக் கொடுத்தாய், அரசி மாதிரி. சின்னவன் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய் என்னைக் காட்டினான். அன்றைக்குத் தொடங்கியதுதான் அவனுடைய கதை. மதாம் இப்போது ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. தவளை கீறப் போகவில்லை.

ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. பிரெஞ்சில் புத்தகம் வந்த பிறகு கடைக்கு ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். யன்னலுக்கு நேரே உள்ள மேசைக்குச் சண்டை. நான் சூப்புச் சட்டிக்குக் கிட்டப் போனால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். முதலாளி பின்னால் நின்று, "செய், செய்" என்று கண்ணைக் காட்டுவார். எனக்கு வெட்கம். அவ்வளவு கண்ணுக்கு முன்னால் என்னால் முடியவில்லை. தேக்கரண்டியாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை மட்டும் சொன்னார்: "உன்ரை கை இப்ப பெரிய ஆள். உனக்காக இனி வேலை செய்யாது."

கையெழுத்து நாளுக்கு அடுத்த நாள் காலமை நான் ஒரு மணித்தியாலம் முந்திப் போய்க் கடையைத் திறந்தேன். கதிரைகள் இன்னும் மேசைகளுக்கு மேலே கவிழ்ந்திருந்தன. சூப்பை அடுப்பில் வைத்து, கொதி வரும்வரைக்கும் நின்றேன். தேக்கரண்டியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். பிறகு அகப்பையால் கொஞ்சம் எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, நக்கிப் பார்த்தேன்.

மிசோ காணாது. இன்னும் அரைக் கரண்டி கரைத்து விட்டேன்.